அதுவா ஓடுச்சு

கோவை கணபதியில் என் மாமாவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட நீளமான ஓர் அறை, மூன்று வைண்டிங் மிஷின்கள், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எஃப்எம். ஸ்டெபிலைசரும் சின்ன டிரான்ஸ்பார்மரும் செய்கிறவர்கள் பாபினையும் செம்புக் கம்பியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுற்றிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கோவையில் இப்படி வீட்டோடு ஒட்டிய பட்டறையில் ஜாப் ஒர்க் செய்து பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள் ஏராளம். படித்து முடித்த நாங்கள் ஓஎம்ஆருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மூன்று மிஷின்களில் ஒன்றில் நான் கை வைத்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு.

முதலில் அந்த மிஷின் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். பாபின் என்பது நடுவில் ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதை ஸ்பிண்டிலில் மாட்டிச் சுழலவிட்டால் எனாமல் பூசிய செம்புக் கம்பி அதன்மேல் ஏறும். ஏறுகிற கம்பி ஒரே இடத்தில் குவியக் கூடாது, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படிய வேண்டும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் கைடு, கம்பியின் தடிமன் அளவுக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும். அரை மில்லிமீட்டர் கம்பியில் 60 சுற்றுக்கு ஒரு லேயர் நிறையும். மிஷினை நிறுத்தி, மேலே ஓர் இன்சுலேஷன் தாளைச் சுற்றி, கைடைத் திருப்பிவிட்டு அடுத்த லேயர். இப்படி 14 லேயர், 840 சுற்று.

பழைய மிஷினில் ஸ்பிண்டிலையும் கைடையும் இணைத்திருந்தவை பற்சக்கரங்கள். கம்பியின் கேஜ் மாறினால் பற்சக்கரத்தையும் கழற்றி மாற்ற வேண்டும், அரை நாள் போய்விடும். சுற்றை எண்ண ஒரு மெக்கானிக்கல் கவுண்டர். பக்கத்திலேயே பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி. அந்த மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா இருபது வருடமாக அதே வேலையில் இருப்பவர். பக்கத்து மிஷின்காரரோடு பேசிக்கொண்டே இருப்பார். கவுண்டரைப் பார்த்ததாகவே தெரியாது. ஆனால் 60 வரும்போது கை சிவப்பு பட்டனில் இருக்கும்.

பொங்கல் லீவில் போயிருந்தபோது மாமா ஒரு கொட்டேஷனைக் காட்டினார். பிஎல்சி வைத்து அதே மிஷினை மாற்றித் தர 70,000 ரூபாய்.

“மாமா, 350 ரூபாய் போர்டுல இதைப் பண்ணலாம்” என்றேன்.

“மாப்ளே, நீ கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவன். இது மிஷின்.”

“எல்லாம் ஒண்ணுதான் மாமா.”

*

ஒன்றல்ல என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது.

என் ஆபீசில் நாங்கள் நேரத்தைப் பற்றி ஓயாமல் பேசுவோம். நூறு கோரிக்கைகளில் 99-க்கு 200 மில்லி செகண்டுக்குள் பதில் போய்விட்டால் அந்தக் காலாண்டில் கேக் வெட்டுவோம். மீதி ஒருவர் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது, திரும்ப ஒருமுறை அழுத்துவார். ரியல்டைம் என்றால் இதையே இன்னும் வேகமாகச் செய்வது என்று நினைத்திருந்தேன்.

ரியல்டைமுக்கும் வேகத்துக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. சொன்ன நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும், ஒருமுறைகூடத் தவறாமல் செய்வதுதான் ரியல்டைம். கல்யாணத்தில் கெட்டிமேளம் மாதிரி. முடிச்சுப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு பிரமாதமாக வாசித்தாலும் அது கெட்டிமேளம் ஆகாது. சராசரியாகச் சரியான நேரத்துக்கு வாசிக்கிற வித்வானை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைடை நகர்த்த ஒரு ஸ்டெப்பர் மோட்டார். நான் அமைத்த டிரைவரில் ஒரு முழுச் சுற்றுக்கு அது 1,600 துடிப்புகள் கேட்கும். ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்துகிற திருகு. ஆக அரை மில்லிமீட்டருக்கு 200 துடிப்பு. ஸ்பிண்டில் நொடிக்கு 10 சுற்று சுற்றினால் நொடிக்கு 2,000 துடிப்பு, 500 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. ஸ்பிண்டில் எங்கே இருக்கிறது என்று சொல்ல அதன் முனையில் ஓர் என்கோடர், சுற்றுக்கு 600 துடிப்பு. அது நொடிக்கு 6,000 முறை கதவைத் தட்டும். எல்லாத் தட்டலுக்கும் யாராவது எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டும்.

லினக்ஸ் எனக்குப் பழக்கம் என்பதால் முதலில் ராஸ்பெர்ரி பை போர்டைத்தான் நினைத்தேன். லினக்ஸ் ஒரு பெரிய குடும்பஸ்தன். நெட்ஒர்க்கைப் பார்க்க வேண்டும், மெமரி கார்டைப் பார்க்க வேண்டும், எல்லாருக்கும் நியாயமாக நேரம் பங்கிட வேண்டும். பெரும்பாலும் சரியான நேரத்துக்கு வந்துவிடும். அந்தப் ‘பெரும்பாலும்’ என்பதை எடுப்பதற்காகவே ஒரு கூட்டம் ஏறக்குறைய இருபது வருடம் உழைத்து, 2024-இல்தான் அந்த வேலை லினக்ஸின் மைய நிரலோடு முழுமையாகச் சேர்ந்தது.

ஆர்டுயினோ ஊனோவில் அந்தப் பிரச்சினையே கிடையாது. 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ரேம். உங்கள் போனில் ஒரு எமோஜி படத்துக்கே அதைவிட அதிக இடம் தேவைப்படும். ஆனால் அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, நெட்ஒர்க் இல்லை, வேறு ஜோலியே இல்லை. 500 மைக்ரோ செகண்ட் என்பது அதற்கு 8,000 கிளாக் துடிப்பு, ஒரு சின்ன வேலைக்குத் தாராளம். சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நார்வேக்காரர் 2009-இல் ஆரம்பித்த ஜிஆர்பிஎல் என்ற நிரல், இதே சில்லை வைத்துக்கொண்டு மூன்று அச்சுள்ள சிஎன்சி மிஷினை ஓட்டுகிறது. நொடிக்கு 30,000 துடிப்பு வரைக்கும். அதன் மூல நிரலைப் படித்த இரவுகள் சந்தோஷமானவை. ஒவ்வொரு பைட்டையும் எங்கே வைப்பது என்று யோசித்து எழுதியிருந்தார்கள். கடைசியாக ஒரு பைட்டைப் பற்றி நான் எப்போது கவலைப்பட்டேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அதில் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அரை மில்லிமீட்டர் கம்பிக்கு எளிது, என்கோடரின் மூன்று துடிப்புக்கு மோட்டாருக்கு ஒன்று. 0.37 மில்லிமீட்டர் என்றால்? 600-க்கு 148. மீதி விழும், மீதி சேரும், சேர்ந்தால் கம்பி விலகும். தசமமே இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலில் இந்த மீதியைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜாக் பிரெசன்ஹாம் 1962-இல் பேனா பிடித்துக் கோடு வரையும் பிளாட்டருக்காகக் கண்டுபிடித்தது. காலேஜில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். மாமா வைத்திருந்த ஒரு தகர டப்பா நிறையப் பற்சக்கரங்களின் இடத்தை அந்த ஏழெட்டு வரிகள் எடுத்துக்கொண்டன. மாமா அந்த டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. “இருக்கட்டும்” என்றார்.

*

ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் டிரைவரும் வாங்கிக்கொண்டு வார இறுதிகளில் கோவைக்கு ரயிலேறினேன். முதல் சோதனையில் கம்பி ஒழுங்காகப் படிந்துகொண்டே வந்து திடீரென்று ஒரு இடத்தில் குவிந்தது.

“ஏறி உக்காருது பாருங்க தம்பி” என்றார் அக்கா. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க நான் வழக்கம்போல நிரலில் அங்கங்கே பிரிண்ட் வரிகள் போட்டேன். இன்னும் மோசமானது. இரண்டு ராத்திரி போனபிறகுதான் புரிந்தது. 9,600 வேகத்தில் ஓர் எழுத்தை வெளியே அனுப்ப ஒரு மில்லி செகண்ட் ஆகும். 40 எழுத்துள்ள ஒரு வரிக்கு 42 மில்லி செகண்ட். இடைத்தேக்கம் நிறைந்துவிட்டால் போர்டு அத்தனை நேரமும் அங்கேயே நிற்கும். அதற்குள் என்கோடர் 250 முறை தட்டிவிட்டுப் போயிருக்கும். முதலில் இருந்த குவியலுக்கும் அதுதான் காரணம், லேயர் கணக்கைக் காட்ட நானே எழுதிவைத்திருந்த ஒரே ஒரு வரி. ஆபீசில் ஒரு பிரிண்ட் வரிக்கு விலை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வரிகளை எடுத்தேன், என்கோடரை இன்டரப்டில் இணைத்தேன். கம்பி வரிசையாகப் படிந்தது.

பெடலை மிதித்தால் ஓடும். 60-இல் தானே நிற்கும். கேஜ் மாற்ற ஒரு குமிழைத் திருகினால் போதும். லேயருக்கு லேயர் பச்சை பட்டனை அழுத்த வேண்டியதில்லை என்பதால் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றினேன். போர்டின் ரிலே நேரடியாக மோட்டாரின் கான்டாக்டரை இயக்கியது. இன்னொன்றும் சேர்த்தேன். 2012 வாக்கில் நாள் முழுக்கக் கரண்ட் போய்ப்போய் வந்த காலத்தில், பாதி சுற்றிய பாபின்களில் எத்தனை சுற்று ஆனது என்று தெரியாமல் மாமா கம்பியைப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் சுற்று எண்ணையும் ‘ஓடுகிறது’, ‘நிற்கிறது’ என்ற நிலையையும் போர்டின் அழியாத நினைவகத்தில் எழுதிவைத்தேன். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து அதுவே தொடரும். மாமாவிடம் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன். 37-இல் நின்றது, 37-இல் தொடங்கியது. மாமா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவ்வளவும் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். “கவலைப்படாதீங்கக்கா. இது கம்ப்யூட்டர். தப்பா எண்ணாது.”

*

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மாமா கூப்பிட்டார். “மாப்ளே, உன் மிஷின் அக்கா விரலைப் பிடிச்சிருச்சு.”

அதுவரைக்கும் அது ‘நம்ம மிஷின்’.

லேயர் முடிந்து மிஷின் நின்றிருக்கிறது. அக்கா இன்சுலேஷன் தாளை வைத்து இடது ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு வலது கையில் டேப்பைப் பிரித்திருக்கிறார். கால் பெடலில் இல்லை. மிஷின் ஓடியது. கம்பி விரலையும் சேர்த்துச் சுற்றியது. அரை மில்லிமீட்டர் கம்பி என்பதால் இழுவை தாங்காமல் அறுந்தது. அறுவதற்குள் நகத்துக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. நான்கு தையல், பத்து நாள் லீவு. கூலியையும் ஆஸ்பத்திரிச் செலவையும் மாமா கொடுத்தார். நான் கொடுத்ததை வாங்கவில்லை.

அன்று இரவே கிளம்பிப் போனேன். மறுநாள் பாபின் மாட்டாமல் மிஷினை மட்டும் 500 முறை ஓடவிட்டு நிறுத்தினேன். 500-இல் 11 முறை போர்டு ரீசெட் ஆகியிருந்தது. அந்த 11-இல் 3 முறை அதுவாக ஓடியது.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது வெட்கமாக இருந்தது. கான்டாக்டருக்குள் இருப்பது ஒரு காயில். ஓடுகிற மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் எந்தக் காயிலும் ஓர் உதை உதைக்கும். துண்டிக்கும் கணத்தில் ஏசி அலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உதையின் பலம் மாறும். பலமாக விழுந்த உதைகளில் சில பக்கத்திலிருந்த என் போர்டை ரீசெட் செய்தன. காயில் சுற்றுகிற பட்டறையில் காயிலின் குணத்தை மறந்திருந்தேன்.

ஆனால் ரீசெட் ஆனால் மிஷின் நிற்கத்தானே வேண்டும்? என் நிரல் நிறுத்தும்போது மூன்று வேலை செய்தது. ரிலேவை விடு, சுற்று எண்ணை எழுது, ‘நிற்கிறது’ என்று எழுது. அழியாத நினைவகத்தில் ஒரு பைட் எழுத ஏறக்குறைய 3.3 மில்லி செகண்ட் ஆகும். எண்ணுக்கு இரண்டு பைட், நிலைக்கு ஒன்று. ஆக மொத்தம் 10 மில்லி செகண்ட். ரிலே விடுகிற உதை சரியாக அந்த 10 மில்லி செகண்டுக்குள்தான் வரும். எழுதி முடிப்பதற்குள் போர்டு செத்தால், நினைவில் இருப்பது ‘ஓடுகிறது’. ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் அது உயிர்த்தெழும். நினைவைப் படிக்கும். கரண்ட் போய் வந்திருக்கிறது போல என்று நினைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த ஒரு நொடியில் அக்காவின் விரல் தாளின்மேல் இருக்கும்.

போர்டு தப்பாக எண்ணவில்லை. அதனுடைய கிளாக்கும் தவறவில்லை. 350 ரூபாய்க்கு என்ன கேட்டேனோ அதைச் செய்தது.

விரலில் கட்டோடு அக்கா வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முன்னாடியும் ரெண்டு தடவை அதுவா ஓடுச்சுங்க தம்பி. நான்தான் பெடலை மிதிச்சிட்டேனோன்னு நெனச்சேன்.”

“ஏன்க்கா சொல்லல?”

“நீங்கதான் கம்ப்யூட்டருன்னு சொன்னீங்களே.”

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை மிஷினைப் பற்றிக் காலேஜில் எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி வரும். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர்மீது அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். விடையாக ‘சாஃப்ட்வேர் பிழை’ என்று எழுதினால் மார்க் கிடைக்கும். கணபதியிலிருந்து திரும்பிய பிறகு, அதைப் பற்றி நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-இல் எழுதிய ஆய்வை முழுதாகப் படித்தேன். அதற்கு முந்தைய மாடலான தெராக்-20-இலும் அந்தப் பிழைகளில் ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் அதில் சாஃப்ட்வேரை நம்பாத தனிப் பாதுகாப்புச் சுற்றுகள் இருந்தன. பிழை வரும்போது ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். புதிய மாடலில் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று அந்தச் சுற்றுகளை எடுத்துவிட்டார்கள். சுட்டுவிட்டது என்று சொன்ன முதல் நோயாளியிடம், அதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் லேப்டாப்பை மூடிவைத்தேன்.

*

நான் கழற்றிய ஸ்டார்ட்டர் பெட்டி பட்டறையின் மூலையில் கிடந்தது. துடைத்துத் திறந்து பார்த்தேன்.

தோட்டம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதைத் தெரியும். கிணற்று மோட்டாருக்கு இருப்பது அதுதான். பச்சை பட்டனை அழுத்தினால் உள்ளே காந்தம் கான்டாக்டை இழுக்கும். இழுபட்ட கான்டாக்டின் ஒரு முனை வழியாகத்தான் அந்தக் காந்தத்துக்கே கரண்ட் போகும். தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். கரண்ட் போனால் பிடி விடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் சும்மா இருக்கும், யாராவது வந்து பச்சையை அழுத்தினால்தான் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் வரும், தாத்தா டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போவார். ஓடிக்கொண்டிருந்ததுகூட ஞாபகம் இல்லாத முட்டாள் பெட்டி என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

மறப்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். இடையில் என்ன நடந்தது, இப்போது யார் கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாது என்பதால் ஒரு மனிதர் வந்து சொல்லும்வரை காத்திருக்கிறது. நான் அதை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஒன்றை வைத்தேன்.

போர்டை எறிந்துவிடவில்லை. கைடை நகர்த்துவதும் சுற்றை எண்ணுவதும் இன்றைக்கும் அதுதான். மைக்ரோ செகண்டுகளை அந்தச் சின்னச் சில்லை நம்பி ஒப்படைக்கலாம் என்றே இப்போதும் சொல்வேன். மாற்றியது வயரிங்கை. கான்டாக்டர் காயிலின் உதையை அடக்க ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திரும்ப மாட்டி, பச்சை பட்டனுக்கான வயரைக் கால் பெடலுக்கு இழுத்தேன். போர்டின் ரிலே இப்போது சிவப்பு பட்டனோடு வரிசையில் இருக்கிறது. அதனால் மோட்டாரை நிறுத்த முடியும், ஓட்ட முடியாது. நூறு முறை ரீசெட் ஆனாலும், நிரலில் நான் என்ன தப்பு எழுதினாலும், கால் மிதிக்காமல் ஸ்பிண்டில் சுற்றாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியில் சுற்று எண் மட்டும் மிச்சம். மாற்றி முடித்ததும் திரும்ப 500 முறை ஓட்டிப் பார்த்தேன். மாமா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கூட எண்ணினார்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். ஆனால் ஒவ்வொரு லேயர் முடிந்ததும் எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்துதான் தாளை வைத்தார். திரும்ப எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து பெடலை மிதித்தார். ஒரு பாபினுக்கு 14 முறை. வயரிங்கை வரைந்து காட்டி, இனி அதுவாக ஓடாது என்று விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த லேயரில் எழுந்துபோனார். பீஸ் கணக்கில் அது நஷ்டம். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அப்படியேதான் இருந்தது. இந்த முறை விளக்கவில்லை. கடைவீதிக்குப் போய் ஒரு நல்ல சுவிட்சும் இரும்புப் பெட்டியும் வாங்கி வந்தேன். சுவரிலிருந்து மிஷினுக்கு வரும் லைனை அதன் வழியாக இழுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் வலது கைக்கு எட்டும்படி மேஜை விளிம்பில் பொருத்தினேன்.

அக்கா அதை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தார்.

“இதுக்குள்ள போர்டு ஏதாச்சும் இருக்குங்களா தம்பி?”

“இல்லக்கா. வெறும் சுவிட்சுதான்.”

“அப்பச் சரிங்க.”